இடியும் நிலையில் இருக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எடுத்துக் கட்ட நினைப்பவர்களுக்கு

இரண்டாம் வகுப்பு அறை. நடுவில் நாலடிக்கு நாலடி இடம் காலியாகக் கிடக்கிறது, பிள்ளைகள் அதைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் இப்படி என்று டீச்சரைக் கேட்பதற்குள் முன்வரிசையில் இருந்த பெண் குழந்தை சொல்லிவிட்டாள்: "அங்க உக்காரக் கூடாது, மேலேர்ந்து விழும்." அண்ணாந்து பார்த்தால் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வரிவரியாகத் தெரிகிறது. எங்கே உட்கார்ந்தால் அடிபடாது என்பதை ஏழு வயதுப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கிறது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தை எடுத்துக் கட்டியே தீருவது என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வகுப்பறையும் கழிப்பறையும் கட்டி முடிக்க மூன்று வருடம் ஆனது. அதில் ஒன்றரை வருடம் வேலையின் வரிசை தெரியாததால் வீணாகப் போனது. உங்களுக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் உள்ள அரசுப் பள்ளிகளை, முக்கியமாகக் காலனிகளிலும் மலைக் கிராமங்களிலும் இருக்கிற சின்னப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளை வெளியே கொண்டுவாருங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். ஆனால் நான் போய்ப் பார்த்த ஊர்களில் எல்லாம் "புதுக் கட்டடம் வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பதில்தான் வந்தது. புதுக் கட்டடம் வருவதற்குள் இரண்டு மழைக்காலமாவது தாண்டிவிடும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்தால் அதன் எடை ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அது பத்தடி உயரத்திலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறையை இன்றைக்கே பூட்டச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் தயங்கினால் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பிள்ளையைப் பெற்ற பத்து அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாளை எந்த அதிகாரியும் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகிப்போனது சமையல்கூடத்தில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவியதால். எனவே வளாகம் முழுக்க ஒரு சுற்று நடங்கள். சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறதா, சமையல்கூடம் எப்படி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி எதன் மேல் நிற்கிறது, செப்டிக் டேங்க் மூடி உடைந்திருக்கிறதா, மின்கம்பி கூரைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது, எல்லாவற்றையும் படம் எடுத்து, எடுத்த தேதியையும் எழுதி வையுங்கள். கும்பகோணம் விபத்தை அடுத்துப் போடப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது: பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி. மனு எழுதும்போது இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுத்த மனுக்களில் இது இருந்த மனுவுக்குத்தான் சீக்கிரம் பதில் வந்தது.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஒரு மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படியேறுகிற விரிசல் பெரும்பாலும் கடைக்கால் இறங்குவதைக் காட்டும். பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுகிற விரிசலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தளத்தின் அடிப்பகுதியை ஒரு கம்பால் மெல்லத் தட்டிப் பாருங்கள், 'டொப்' என்று வெறுமையாகச் சத்தம் வந்தால் உள்ளே காரை விட்டுவிட்டது. தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்போது துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அது உள்ளேயிருந்து கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். மேலே எத்தனை முறை பூசினாலும் நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இதெல்லாம் அறையைப் பூட்டலாமா என்று நீங்கள் முடிவு செய்வதற்குத்தான். இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று சொல்ல வேண்டியவர் பொறியாளர். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சுவர் உறுதியாக இருக்கிற பழைய ஓட்டுக் கட்டடத்தை அவசரப்பட்டு இடிக்காதீர்கள். ஓட்டைத் தாங்குகிற உளுத்த மரச்சட்டங்களை (ரீப்பர்) மாற்றி, உடைந்த ஓடுகளை மாற்றினால் இன்னும் முப்பது வருடம் நிற்கும். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தைவிட அதற்குள் உட்காருவது எவ்வளவோ மேல்.

யாருடைய பள்ளிக்கூடம், யாருடைய நிலம்

எங்கள் ஒன்றரை வருடம் இங்கேதான் போனது. கட்ட வேண்டும் என்ற வேகத்தில் முதலில் வசூலில் இறங்கினோம். துபாயில் இருந்தவர்கள், திருப்பூரில் இருந்தவர்கள், எல்லாரும் அனுப்பினார்கள். அப்புறம் பார்த்தால் பள்ளிக்கூடம் நிற்கிற நிலத்தில் பாதி இன்னமும் ஒரு குடும்பத்தின் பட்டாவில் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் தாத்தா வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாரிசுகள் ஐந்து பேர், அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பணம் வங்கியில் கிடந்தது, கொடுத்தவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அந்தக் குடும்பத்தார் பெரிய மனதோடு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஒரு தொகுதிப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள்.

எனவே ஒரு ரூபாய் வசூலிப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புலப்படமும் வாங்குங்கள். சர்வேயரை வைத்து அளந்து கல் போட்டுவிடுங்கள், வழிப்பாதை, வாய்க்கால், கோயில் நிலம் என்று எது உள்ளே வந்தாலும் பின்னால் வேலை நிற்கும்.

அடுத்து, எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் கவர்மெண்ட் ஸ்கூல்தானே என்று முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருந்தால் செருப்புதான் தேயும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் ஆசிரியர்கள் கல்வித் துறையின் கீழ் இருப்பார்கள், கட்டடமோ ஒன்றியத்தின் பொறுப்பு, வட்டார வளர்ச்சி அலுவலரையும் (பி.டி.ஓ.) ஒன்றியப் பொறியாளரையும் பார்க்க வேண்டும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், கட்டுமானம் பெரும்பாலும் அரசின் ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகமான தாட்கோ வழியாக நடக்கும். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அவரவர் பொறியியல் பிரிவு இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கட்டடம் நிர்வாகத்தின் சொத்து, அங்கே நீங்கள் பேச வேண்டியது நிர்வாகத்தோடு.

பொறியாளர் வந்து பார்த்துக் கட்டடம் பயன்படுத்தத் தகுதியற்றது என்று எழுதிக் கொடுத்தால்தான் இடிக்க அனுமதி கிடைக்கும். அதைக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுவதையும் விட்டுவிடாதீர்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருடத்தில் பல முறை கூடுகிறது. அந்தத் தீர்மானத்தின் நகலை நாங்கள் போன எல்லா அலுவலகத்திலும் கேட்டார்கள்.

பணம்

நம் ஊர்களுக்கு இது புதிதில்லை. காமராசர் முதல்வராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு இடியும் நிலையில் நிற்கிற கட்டடங்களில் சில அந்தத் தலைமுறை சேர்ந்து எழுப்பியவைதான்.

முதலில் அரசுப் பணத்தைக் கேளுங்கள். அது நம் பணம்தான், பள்ளிக்கூடம் கட்டுவது அரசின் கடமை. 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்ற அளவில் வந்தது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் குழந்தை நேயப் பள்ளி உள்கட்டமைப்புத் திட்டமும் இருக்கிறது. உங்கள் பள்ளி பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்த ஆண்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வருடமே வரப்போகிற கட்டடத்துக்கு வசூல் பண்ணிக்கொண்டிருப்பது வீண், அந்தப் பணத்தில் கழிப்பறையோ சுற்றுச்சுவரோ செய்யலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது நமக்கு நாமே திட்டம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். எஸ்டிமேட் 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் திரட்ட வேண்டிய இடத்தில் 6 லட்சம் திரட்டினால் போதும். காலனிக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, சொல்வதற்கும் ஆளில்லை. அதே மாதிரி எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, அதில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் எம்.பி. அலுவலகத்துக்குப் போகும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியூர், வெளிநாட்டு நன்கொடைக்கு நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய அமைப்பு வழியாகப் போவது சுலபம். எந்தப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். நீங்களே அறக்கட்டளை வைத்து வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 80ஜி வரிச்சலுகை வேண்டுமென்று ஒருவர் கேட்டால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், வாங்கினால் அவருக்குச் சலுகை கிடைக்காது. பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகையே உண்டு. இன்னொன்று, சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், பிரச்சினை இல்லை. அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. பாசத்தில் அனுப்பிய பணத்தால் அறக்கட்டளை சிக்கலில் மாட்டக் கூடாது.

பக்கத்தில் ஆலை, கம்பெனி இருந்தால் அங்கேயும் கேளுங்கள். வருடத்துக்கு 5 கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். ஏப்ரல், மே மாதத்திலேயே எஸ்டிமேட்டோடு போங்கள்.

வசூல் கணக்கை வாராவாரம் பள்ளிக்கூடச் சுவரிலேயே ஒட்டினோம். 50 ரூபாய் கொடுத்த பூக்கார அக்கா பெயரும் 50,000 கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். நன்கொடையாளர் பெயரில் பெரிய வளைவு வைக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள், சாதிப் பட்டத்தோடு பெயர் எழுதச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சாதியைச் சுவரில் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் படிக்க வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து நன்றி சொல்லச் சொல்கிற படமும் வேண்டாம்.

இடிப்புக்கும் திறப்புக்கும் நடுவில்

இந்த இடைவெளியை யாரும் யோசிப்பதில்லை. நெல்லை விபத்துக்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களை இடித்தார்கள், இடித்தது சரிதான். ஆனால் புதுக் கட்டடம் வரும்வரை பல ஊர்ப் பிள்ளைகள் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்தார்கள். மழை வந்தால் லீவு. ஒரு வருடம் இப்படிப் போனால் வசதி இருக்கிறவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றி விடுவார்கள், இல்லாதவர்கள் பிள்ளை வீட்டில் நிற்கும். எண்ணிக்கை குறைந்தால் பள்ளியின் நிலைமையே ஆட்டம் காணும்.

எனவே மாற்று இடத்தை எழுத்தில் உறுதி செய்யாமல் கடப்பாரையைத் தொட விடாதீர்கள். சமுதாயக் கூடமோ நூலகக் கட்டடமோ வாடகை வீடோ, எதுவானாலும் கழிப்பறையும் தண்ணீரும் இருக்க வேண்டும், காலை உணவும் மதிய உணவும் அங்கே வந்து சேர வேண்டும். காலனிப் பிள்ளைகளை ஊர்ப் பக்கம் மாற்றினால் அங்கே அவர்களை எப்படி நடத்துவார்கள், எந்த வழியாக நடந்து போவார்கள் என்று அம்மாக்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எங்களுக்கு அந்தப் பேச்சு இரண்டு மாலை நடந்தது, கடைசியில் காலனிக்குள்ளேயே ஒரு வீட்டு மாடியைப் பிடித்தோம்.

இடிப்பதை ஏப்ரல் கடைசியில், பரீட்சை முடிந்ததும் வையுங்கள். ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பின்னோக்கி நாள் குறியுங்கள். இடித்த ஓடு, மரம், கம்பி எல்லாம் அரசுச் சொத்து, ஏலம் விட்டுத்தான் எடுக்க முடியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல் முழுசாக நனைத்து இறக்கச் சொல்லுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

தினமும் ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற கொத்தனார் ஒருவர் இருந்தார். கம்பி கட்டி முடித்ததும் அவர் முதலில் குனிந்து பார்ப்பது, கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க வைக்கிற சின்னக் கட்டியை, கவர் பிளாக்கைத்தான். தளத்தில் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர், தூணில் சுற்றிலும் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகிவிட்டுப் போனால் கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும், பத்து வருடத்தில் பழைய கதைதான். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மாலை நேரம் ஆக ஆகக் கலவையில் தண்ணீர் கூடும், கொட்டுவதற்குச் சுலபம் என்று ஊற்றுவார்கள். அதை அப்போதே தடுத்து நிறுத்துங்கள். 15 சென்டிமீட்டர்க் கட்டிகளாக மாதிரி எடுத்து 28 நாள் கழித்து ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம்20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பக்கத்து எஞ்சினியரிங் காலேஜில் குறைந்த செலவில் செய்து தருவார்கள்.

தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது பத்து நாளாவது நடக்க வேண்டும். நம்மூரில் இப்போது வருகிற, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு அதுதான் குறைந்தபட்சம். எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டுப் பதினான்கு நாள் காலையும் மாலையும் ஏறி ஊற்றினார்கள். முட்டுக்கொடுத்த சவுக்கைக் கழிகளை வாடகைக்குப் பயந்து சீக்கிரம் உருவப் பார்ப்பார்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு 14 நாள், ஆறு மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாள் என்பது இந்தியத் தர விதி. அதற்கு ஒரு நாள் முன்னால்கூட விடாதீர்கள்.

அப்புறம் சாய்வுதளம். பன்னிரண்டடிக்கு ஓரடி உயரம் என்ற கணக்கில் இருந்தால்தான் சக்கர நாற்காலி ஏறும், சும்மா ஒரு சரிவைப் பூசிவிட்டுப் போக விடாதீர்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள், உள்ளேயே தண்ணீர்க் குழாய். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கட்டும், அவசரத்தில் கூட்டமாக ஓடிவந்தால் உள்பக்கம் திறக்கிற கதவு அடைத்துக்கொள்ளும்.

திறப்பு விழா அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். ஆவணி முடிவதற்குள் மாடியில் ஏறி வேப்பிலைச் சருகை வாரி, மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், சுவரிடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும், செய்த தேதியை நோட்டில் எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் மாடிக் கதவின் சாவி ஒன்று தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது, இன்னொன்று மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிற ஒரு அம்மாவிடம். போன வருடம் அவர் ஏறிப் பார்த்தபோது குழாய் வாயில் ஒரு பந்து அடைத்துக்கொண்டு அரை அடித் தண்ணீர் நின்றிருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டு நோட்டில் எழுதியிருக்கிறார்: "பந்து. பசங்களிடம் கொடுத்தாச்சு."